சம்பளச் சீட்டில் விட்டுப்போன இரண்டு வரிகள்

நிறுவன உரிமையாளர்களுக்கும், நிதி, மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

நாங்கள் சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள், டியூட்டி சார்ட் எழுதுகிறவர்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்ற கணக்கும், மாதக் கடைசியில் அவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற கணக்கும் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. ஆனால் இரண்டும் ஒரே தாளில் வருவதில்லை. நேரம் ஒரு பதிவேட்டில் இருக்கிறது, சம்பளம் இன்னொன்றில். இப்படிப் பிரித்து வைத்திருப்பதால்தான் நியாயமான வேலை நேரத்துக்கும் கௌரவமான சம்பளத்துக்கும் ஆகாது என்பது போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. நாங்கள் கேட்பது சம்பளச் சீட்டில் இரண்டே வரிகள்: இந்த மாதம் இவர் உண்மையில் வேலை செய்த மொத்த மணி, அதில் ஒரு மணிக்கு இவருக்கு விழுந்த கூலி. ஏன் கேட்கிறோம் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்ணாகவே எழுதுகிறோம்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் 52,000. வாரத்துக்கு 40 மணி நேர வேலை. 40-ஐ 52 வாரத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 173.33 மணி. ஒரு மணிக்கு 300 விழுகிறது. அடுத்த ஆண்டு 15 சதவீத உயர்வு கொடுத்து 59,800 ஆக்குகிறீர்கள். கூடவே பொறுப்பும் கூடுகிறது. வாரம் 50 மணி ஆகிறது. மாதத்துக்கு 216.67 மணி. இப்போது ஒரு மணிக்கு 276. உயர்வுக் கடிதத்தில் 15 சதவீதம் ஏறியிருக்கிறது, மணிக் கூலியில் 8 சதவீதம் இறங்கியிருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் வாங்கிக்கொண்டவரும் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு எண்களும் அவர்கள் கண்ணில் ஒன்றாகப் படவே இல்லையே. நல்ல சம்பளம் வாங்கியும் மனம் ஒட்டாமல் ஒருவர் ராஜினாமா கொடுக்கும்போது, காரணம் பெரும்பாலும் இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. அவருக்கு அதைக் கணக்காகச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். உடம்புக்குத் தெரியும்.

ஓவர்டைம் கணக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஒன்றரை மடங்கு தருகிறோம்' என்று பல நிறுவனங்கள் மனதாரச் சொல்கின்றன. எதன் ஒன்றரை மடங்கு? அதே 52,000 சம்பளத்தில் பேசிக் 40 சதவீதம், அதாவது 20,800. மீதி எல்லாம் படிகள். ஓவர்டைமை பேசிக்கை மட்டும் வைத்துப் போட்டால் மணிக்கு 120, அதன் ஒன்றரை மடங்கு 180. அடுத்து வகுக்கும் எண். 173.33-க்குப் பதிலாக 30 நாளை 8 மணியால் பெருக்கி 240-ஆல் வகுப்பது பல இடங்களில் பழக்கம். அப்படிச் செய்தால் வார விடுமுறை நாட்களிலும் அவர் வேலை செய்ததாகக் கணக்காகிவிடும். 20,800-ஐ 240-ஆல் வகுத்தால் 86.67, ஒன்றரை மடங்கு 130. ஆக, பகலில் ஒரு மணிக்கு 300 வாங்குகிறவர், களைத்துப்போன பத்தாவது மணிக்கு 130 வாங்குகிறார். சரியாகப் போட்டிருந்தால் 450 வந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியதாக நாங்கள் சொல்லவில்லை. என்றோ யாரோ எழுதிவைத்த ஃபார்முலா சாஃப்ட்வேரில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் விளைவு கடுமையானது. கூடுதல் நேரம் வழக்கமான நேரத்தைவிட மலிவாகக் கிடைக்கும்போது, புதிதாக ஆள் எடுக்க எந்த மேலாளருக்குத்தான் தோன்றும்?

இதன் பொருளாதாரம் சிக்கலானது அல்ல. ஒரு புதிய ஆளை எடுத்தால் சம்பளத்தோடு பயிற்சி, காப்பீடு, இருக்கை, கருவி என்று தலைக்கு ஒரு நிலையான செலவு வரும். அது சம்பளத்தில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புதியவரின் ஒரு மணி 1.3 மடங்கு, பழையவரின் ஓவர்டைம் மணி 1.25 மடங்கு என்றால் ஓவர்டைம்தான் லாபம், 1.5 மடங்கு என்றால் ஆள் எடுப்பதுதான் லாபம். 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியபோது, ஓவர்டைமுக்குக் குறைந்தபட்சம் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தது. 1938-இல் அமெரிக்கச் சட்டம் அதை ஒன்றரை ஆக்கியது. கூடுதலாக உழைப்பவருக்கு ஈடு தருவது ஒரு நோக்கம். நீண்ட நேரத்தை நிறுவனத்துக்கே விலை கூடியதாக ஆக்குவது இன்னொரு நோக்கம். பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போது இரண்டாவது நோக்கம் செத்துவிடுகிறது.

சம்பளத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பேசுவது புதிய யோசனையும் அல்ல. வாரம் 40 மணி என்ற கொள்கையைச் சொன்ன சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1935-ஆம் ஆண்டு 47-ஆவது உடன்படிக்கை, வாழ்க்கைத் தரம் அதனால் குறைந்துவிடாதபடி அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. அந்த வாக்கியத்தைப் பாதியாக வெட்டி எந்தப் பாதியை எடுத்துக்கொண்டாலும் திட்டம் கெட்டுப்போகும்.

இனி, எங்களை அதிகம் வாட்டும் விஷயத்துக்கு வருகிறோம்: ஆள் எண்ணிக்கை. 24 மணி நேரமும் ஓர் ஆள் இருந்தாக வேண்டிய ஓர் இடம். வாசல் காவல், கட்டுப்பாட்டு அறை, வார்டு, உதவி எண், எதுவாகவும் இருக்கட்டும். 'மூன்று ஷிப்ட், ஆகவே மூன்று பேர், லீவுக்கு ஒரு ரிலீவர்; நாலு பேர் போதும்' என்றுதான் பட்ஜெட்டில் எழுதப்படுகிறது. போதாது. வாரத்துக்கு 168 மணி. ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 8,736 மணி. ஒருவரின் ஆண்டிலிருந்து விடுப்பு 4 வாரம், பண்டிகை விடுமுறைகள் 2 வாரம், உடம்பு சரியில்லாதது 1 வாரம், பயிற்சி 1 வாரம் கழித்தால் 44 வாரம் மிஞ்சும். வாரம் 40 மணி என்றால் 1,760 மணி. 8,736-ஐ 1,760-ஆல் வகுத்தால் 4.96. ஐந்து பேர் வேண்டும். ஷிப்ட் மாறும்போது வேலையை ஒப்படைக்க 15 நிமிடம் ஆகும், நாளைக்கு மூன்று முறை. அதையும் சேர்த்தால் 5.1 ஆகிறது.

நாலு பேரை வைத்து ஓட்டினால் அந்த 8,736 மணி எங்கேயும் மறைந்துவிடாது. ஆளுக்கு 2,184 மணி. 44 வாரத்தில் வகுத்தால் வாரம் 49.6. அவர்களில் ஒருவர் விலகி, அந்த இடம் நிரப்பப்படாமல் இருந்தால் மீதி மூவருக்கும் வாரம் 66 மணி. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் சார்ட்டே போட முடியாது. அப்போது விடுப்பை ரத்து செய்வோம், இரட்டை டியூட்டி போடுவோம். அடுத்தவரும் ராஜினாமா எழுதுவார். ஓர் இடத்தில் ஆட்கள் நிற்பதே இல்லை என்று நீங்கள் கவலைப்படும்போது, சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

மொத்த மணி சரியாக இருந்தாலும் அடுக்கும் விதத்தில் கெட்டுப்போவது உண்டு. இரவு 10 மணிக்கு முடியும் ஷிப்ட்டில் இருந்தவரை மறுநாள் காலை 6 மணி ஷிப்ட்டில் போட்டால் இடைவெளி தாளில் 8 மணி. போக்குவரத்து, சாப்பாடு, குளியல் போக தூக்கம் ஐந்து மணி தேறினால் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி ஓய்வு கேட்கிறது, அது நல்ல அளவு. ஷிப்ட் சுற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றட்டும். பின்னோக்கிச் சுற்றினால் இந்த 8 மணி இடைவெளி தானாகவே வந்து விழும். தொடர் இரவுகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். சார்ட்டை இரண்டு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை, நாங்கள் உட்கார்ந்து யோசிக்கும் நேரம் மட்டும்தான்.

வாரம் 50 மணி, 55 மணி என்பதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இத்தகைய மரணங்கள் சுமார் 7,45,000. நாங்கள் மேலே போட்ட 66 மணி வார சார்ட்டில் இருப்பது நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள்.

அடுத்து, நேரத்தை அளப்பது. அட்டெண்டன்ஸ் மெஷினில் 15 நிமிட ரவுண்டிங் வைத்திருப்பீர்கள். 9:03-க்கு வந்தால் 9:15. மாலை 6:12-க்குப் போனால் 6:00. இரண்டு பக்கமும் நிறுவனத்துக்குச் சாதகம். நாளுக்கு 24 நிமிடம், 22 நாளில் 528 நிமிடம், அதாவது 8.8 மணி. மாதத்தில் ஒரு முழு நாள் வேலை பதிவேட்டுக்கு வராமலே போகிறது. ரவுண்டிங்கை எடுத்துவிடுங்கள், நிமிடக் கணக்கைக் கையாள இன்றைய சாஃப்ட்வேருக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஷிப்ட் ஒப்படைக்கும் நேரம், சீருடை மாற்றும் நேரம், கடை அடைத்தபின் கல்லாக் கணக்கு முடிக்கும் நேரம், இரவில் போனில் வந்து பதில் எழுத வைக்கும் செய்திகள், 'கூப்பிட்டால் வர வேண்டும்' என்று வீட்டில் காத்திருக்கும் நாட்கள், இவை எல்லாம் இன்று எந்தப் பத்தியிலும் இல்லை. காத்திருப்புக்கு முழுக் கூலி இல்லாவிட்டாலும் ஒரு பங்கு கூலி தர வேண்டும். கூப்பிட்டு வரவழைத்தால் பத்து நிமிட வேலையானாலும் குறைந்தது இத்தனை மணிக்குக் கூலி என்று எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்துவிட்டால் தேவையில்லாத அழைப்பு பாதி நின்றுவிடும். அன்றாட வேலை நேரத்தை அளக்க நம்பகமான ஓர் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும் என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. அளக்காத நேரத்துக்கு எந்த உரிமையும் ஒட்டாது.

ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளக்காரர்கள் நிலை வேறு. பதவிப் பெயரில் 'மேலாளர்' என்று சேர்த்துவிட்டால் நேரக் கணக்கிலிருந்து பெயர் போய்விடுகிறது, கீழே ஓர் ஆள்கூட இல்லாத மேலாளருக்கும் அப்படித்தான். 'கூடுதல் நேரம் சம்பளத்திலேயே அடக்கம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். எத்தனை மணி அடக்கம் என்று இருக்காது. அந்த எண்ணை எழுதுங்கள். மாதம் 10 மணி அடக்கம் என்றால் பதினோராவது மணியிலிருந்து காம்ப் ஆஃப், அதாவது ஈட்டு விடுப்பு. அந்த காம்ப் ஆஃப் மூன்று மாதத்தில் எடுக்கப்படாவிட்டால் காலாவதியாகக் கூடாது, பணமாக மாற வேண்டும். காலாவதியாகும் என்று வைத்தால் மேலாளருக்கு அதை மறுத்துக்கொண்டே போவதுதான் லாபம்.

'நாங்களா நீட்டச் சொல்கிறோம்? ஆட்களே ஓவர்டைம் கேட்டு வருகிறார்கள்' என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். உண்மைதான், கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடக்காததால் கேட்கிறார்கள். அதனால்தான் ஓவர்டைமைத் திடீரென்று நிறுத்தும் சுற்றறிக்கையை நாங்கள் ஆதரிப்பதில்லை. 52,000 வாங்குகிறவர் வாரம் 10 மணி ஓவர்டைம் சரியான விகிதத்தில் செய்தால் மாதம் 43.33 மணிக்கு 19,500 சேர்ந்து 71,500 வரும். அதை வெட்டினால் வருமானத்தில் 27 சதவீதம் போய்விடும். அவர் மாலையில் இன்னோர் இடத்தில் வேலைக்குச் சேர்வார். அவருடைய நேரம் குறையவில்லை, உங்கள் பதிவேட்டில் மட்டும் குறைந்திருக்கிறது. மறுநாள் காலை உங்களிடம் வருவது அதே களைத்த மனிதர்.

வேறு எப்படிச் செய்வது? இப்படி நாலு பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். வாரம் 40 மணி ஓவர்டைம். மாதச் செலவு 78,000. அந்த 40 மணிக்கு ஒரு புதிய ஆள் எடுத்தால், தலைச் செலவு 30 சதவீதத்தோடு 67,600. மிச்சம் 10,400. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,600. இழந்தது 19,500, கிடைத்தது 2,600. ஆள் எடுப்பது மட்டுமே வழி என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தோற்றுப்போகிறார்கள். ஆகவே முதலில் அந்த 40 மணி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நாலு வாரம், ஒவ்வொரு ஓவர்டைம் பதிவுக்கும் எதிரே ஒரு காரணம் எழுதுங்கள்: வேலை உண்மையிலேயே கூடுதல், ஒப்புதலுக்குக் காத்திருந்தது, பொருள் வரவில்லை, பிழை திருத்தி மறுபடி செய்தது, கூட்டத்தில் போன நேரம், வர வேண்டியவர் வரவில்லை. பத்துப் பேர் உட்காரும் ஒரு மணிக் கூட்டம் பத்து மணி வேலை என்பதை அங்கே எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். மாலை 4 மணிக்கு வரும் ஒப்புதலைக் காலை 11 மணிக்குக் கொடுத்தாலே பல இடங்களில் ஓவர்டைம் சரியும்.

அந்த 40 மணியில் பாதி இப்படிப்பட்ட வீண் நேரம் என்றும், அதைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 20 மணிக்கு ஒரு பகுதி நேர ஆள், செலவு 33,800. 78,000-இல் 44,200 மிஞ்சுகிறது. நாலு பேரின் அடிப்படைச் சம்பளத்திலேயே ஆளுக்கு 11,050 ஏற்றலாம். 52,000 இப்போது 63,050 ஆகிறது, 40 மணிக்கு. முன்பு 50 மணிக்கு 71,500 வாங்கியபோது ஒரு மணிக்கு 330; இப்போது 364. வாரத்தில் பத்து மணி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. உங்கள் செலவு ஏறக்குறைய அதேதான். அடிப்படை ஏறுவதால் அதைச் சார்ந்த சேமநிதி போன்றவை கொஞ்சம் கூடும், அதைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். வருமானத்தில் இன்னும் 12 சதவீதம் குறைவு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள் என்கிறோம். பத்து மணியை ஏழு, நான்கு, பூஜ்யம் என்று இரண்டு ஆண்டு உயர்வுகளின் ஊடே இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் அடிப்படைச் சம்பளம் முதலில் ஏறட்டும். அடுத்த மாதம் நேரம் இறங்கட்டும். வரிசை மாறினால் நம்பிக்கை போய்விடும்.

நாலு நாள் வாரம் பற்றியும் இப்போது அதிகம் கேட்கிறீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. 40 மணியை நாலு நாளில் பத்துப் பத்தாக அடைப்பது ஒன்று, அதே சம்பளத்துக்கு 32 மணியாகக் குறைப்பது இன்னொன்று. முதல் வகையை அறிவித்துவிட்டு இரண்டாவது வகையின் பெருமையைப் பேசக் கூடாது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500-க்கும் மேற்பட்ட பொதுத்துறை ஊழியர்களுக்குச் சம்பளக் குறைப்பு இல்லாமல் 40 மணியை 35, 36 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். கூட்டங்களைச் சுருக்கி, வேலை வரிசையை மாற்றித்தான் அதைச் சாதித்தார்கள். பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்களும் சுமார் 2,900 ஊழியர்களும் ஆறு மாதம் சோதித்தார்கள். முடிவில் 56 நிறுவனங்கள் தொடர்ந்தன. அலுவலக வேலையில் வெட்டக்கூடிய வீண் நேரம் நிறைய உண்டு. வார்டிலோ வாசலிலோ 168 மணி 168 மணியேதான், அங்கே நேரத்தைக் குறைத்தால் ஆளைக் கூட்டியே ஆக வேண்டும்.

நாங்கள் கேட்ட இரண்டு வரிகள் வந்தால் என்ன கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எண் பெரிதாகத் தெரிந்ததும் சில மேலாளர்கள் 'வேலை முடிந்ததாகப் பஞ்ச் அடித்துவிட்டு வந்து உட்கார்' என்பார்கள். கணினி லாகின் நேரத்தையும் வாசல் பதிவையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கேள்வி மேலாளரிடம் போகட்டும், ஊழியரிடம் வேண்டாம். நீண்ட நேரம் உழைத்தவர்களின் பட்டியலைப் பாராட்டுப் பட்டியலாகவும் ஆக்காதீர்கள், குற்றப் பட்டியலாகவும் ஆக்காதீர்கள். ஆக்கிய மறுமாதமே எண்கள் பொய் சொல்லத் தொடங்கும்.

எங்கள் பக்கத்து வேலையும் கொஞ்சம் உண்டு. பல இடங்களில் வருகைப் பதிவு 21-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை. சம்பளம் 1 முதல் 30 வரை. அப்படியே விட்டால் மணிக் கூலி தப்பாக வரும், இரண்டுக்கும் ஒரே மாத எல்லை வேண்டும். வருகைக் கோப்பில் இருக்கும் ஊழியர் எண்ணும் சம்பளக் கோப்பில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாத பெயர்கள் சில இருக்கும், அவற்றை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். முதல் மூன்று மாதம் இரண்டு வரிகளையும் அச்சிடாமல் உங்களுக்கு மட்டும் அனுப்புகிறோம், நீங்கள் பார்த்துவிட்டு நாலாவது மாதம் எல்லோர் சீட்டிலும் வரட்டும். எந்தத் தேதியில் கணக்கை மூட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியலும் டியூட்டி சார்ட்டும் எழுதுகிறவர்கள்